விதி முதலில் அட்மினைக் கட்ட வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். குடியிருப்போர் சங்கம், முன்னாள் மாணவர், விவசாயிகள், வாசகர் வட்டம் எனப் பலவகை வாட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்கள், உரையாடலுக்கான நடத்தை விதிகளை எழுத்தில் வகுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு அவரவர் குழுவில் சங்கடம் நேரக் கூடாது என்பதால் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300 வீடுகள் உள்ளன. தண்ணீர் லாரி, கார் நிறுத்தும் இடம், பராமரிப்புக் கட்டணம் என்று குழுவில் எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் சண்டையில் முடிகிறது. இதற்காகச் செயலாளர் 42 விதிகள் கொண்ட வரைவு ஒன்றைத் தந்திருக்கிறார். முதல் விதி: 'அனைவரும் நாகரிகமாகப் பேச வேண்டும்.' இது சரியான தொடக்கம்தானா?
— வாசகர், மதுரை

நாகரிகமாகப் பேச வேண்டும் என்பதை மறுப்பவர் எவரும் இருக்க மாட்டார். அதனாலேயே அது விதியாகப் பயன்படாது. சண்டை மூண்ட நேரத்தில் இரு தரப்பினரும் தாங்கள் நாகரிகமாகவே பேசியதாகவும், எதிரே இருப்பவர்தான் வரம்பு மீறியதாகவும் உண்மையாகவே நம்புவார்கள். அப்போது எது நாகரிகம் என்று தீர்ப்புச் சொல்லும் வேலை செயலாளரிடம் வந்து சேரும். அவருக்கு வேண்டியவர் தப்புவார், வேண்டாதவர் மாட்டிக்கொள்வார். விதி ஒருவருடைய குணத்தைப் பற்றியதாக இல்லாமல், எவரும் பார்த்து 'ஆம், நடந்தது' அல்லது 'இல்லை, நடக்கவில்லை' என்று சொல்லக்கூடிய செயலைப் பற்றியதாக இருக்க வேண்டும். 'வீட்டு எண்ணைக் குறிப்பிட்டுக் கட்டண பாக்கியைக் குழுவில் எழுதக் கூடாது' என்பது விதி. 'இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, தீ, மருத்துவ உதவி, லிஃப்டில் ஆள் சிக்கிக்கொள்வது ஆகிய மூன்றைத் தவிர வேறெதற்கும் பதிவு கூடாது' என்பதும் விதி. இவற்றை மீறியது யார் என்பதில் வாதத்துக்கே இடமில்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஒருவர் செய்த திருத்தத்தை இன்னொருவர் நீக்க, அவர் மீண்டும் சேர்க்க, இப்படியே இழுபறி நீளும்போது, 'பிடிவாதம் வேண்டாம்' என்று அறிவுரை கூறுவதோடு அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை. ஒரு பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை மீளமைக்கக் கூடாது என்று எண்ணிக்கையாகவே வகுத்தார்கள். யாருக்கு எவ்வளவு பிடிவாதம் என்று அளக்கும் தேவையே அதன்பின் இல்லை.

நம் மண்ணில் இந்தச் சிந்தனை மிகப் பழையது. திருநெல்வேலி மாவட்டம் மானூரில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது சுமார் கி.பி. 800ஐச் சேர்ந்தது. ஊர்ச்சபையில் அமர என்ன தகுதி வேண்டும் என்று கூறும் அக்கல்வெட்டு, சபையில் கொண்டுவரப்படும் ஒவ்வொன்றுக்கும் 'அல்ல, அல்ல' என்றே சொல்லி முட்டுக்கட்டை போடுபவரும் அவருக்குத் துணை நிற்பவரும் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும் என்கிறது. மறுத்துப் பேசுவதை அது தடுக்கவில்லை, எல்லாவற்றையும் மறுப்பதையே தொழிலாகக் கொள்வதைத்தான் குற்றமாக்குகிறது என்பதை உங்கள் செயலாளர் கவனிக்க வேண்டும். தண்டமும் இவ்வளவு என்று முன்கூட்டியே குறிக்கப்பட்டுவிட்டது.

42 விதிகளை யாரும் படிக்க மாட்டார்கள். படிக்கப்படாத விதி, வேண்டாதவர்மீது பாய்வதற்காகக் காத்திருக்கும் விதியாகிவிடும். சென்ற ஓராண்டில் உங்கள் குழுவில் உண்மையாக நடந்த சண்டைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்தப் பதிவில் தொடங்கியது என்று பாருங்கள். பெரும்பாலானவை ஐந்தாறு வகைகளுக்குள் அடங்கும். அந்த ஐந்தாறுக்கு மட்டும் விதி எழுதி, அவற்றுக்கு மேலே இந்தக் குழு எதற்காக இருக்கிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்.

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் குழுவைத் தொடங்கியவர் ஒருவரே இன்றுவரை அட்மின். பொன்விழா நிதிக்குக் கணக்குக் கேட்ட தோழி ஒருவரை அவர் மறுநாளே நீக்கிவிட்டார். 'நான் தொடங்கிய குழு, என் விருப்பம்' என்கிறார். இப்போது அவரே நடத்தை விதிகள் எழுதப்போவதாக அறிவித்திருக்கிறார். இதனால் பயன் உண்டா?
— வாசகி, கும்பகோணம்

வந்த கடிதங்கள் அனைத்திலும் உங்கள் கேள்வியே முதன்மையானது என்று கருதுகிறேன். குழுவில் உறுப்பினர் கையில் இருப்பது சொல் மட்டும். அட்மின் கையிலோ, பிறர் சொல்லை அழிக்கவும், ஆளையே வெளியேற்றவும், எவரும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டுத் தான் மட்டும் எழுதவும் வசதிகள் இருக்கின்றன. உறுப்பினர் வரம்பு மீறினால் ஒரு மாலைப்பொழுது கெடும். அட்மின் வரம்பு மீறினால் மற்றவர்கள் அன்றுமுதல் வாய் திறக்கவே அஞ்சுவார்கள். ஆகவே எழுதப்பட்ட விதி முதலில் கட்ட வேண்டியது அட்மினை. உறுப்பினரைக் கட்டுவது அதற்கு அடுத்த வேலைதான். உறுப்பினர் செய்யக் கூடாதவற்றை மட்டும் பட்டியலிட்டு, அட்மின் செய்யக் கூடாதவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத வரைவு வந்தால் அதை ஏற்காதீர்கள்.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை நம்மில் பலர் குடவோலைத் தேர்தலுக்காக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அவற்றில் என்னை எப்போதும் ஈர்ப்பது, யார் வாரியத்தில் இருக்கக் கூடாது என்ற பகுதி. வாரியப் பொறுப்பு 360 நாளுடன் முடிந்தது; முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் பெயரை ஓலையில் எழுத முடியாது; பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்லாமல் அவருடைய நெருங்கிய உறவினர்களும் தகுதி இழந்தார்கள். அந்தச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய சிலருக்கே உரியதாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதிகாரத்தில் இருப்பவர் கணக்குக் காட்ட வேண்டும், காலம் முடிந்தால் விலக வேண்டும் என்பதைக் கல்லில் எழுதி ஊர் நடுவே வைக்கும் தெளிவு அவர்களுக்கு இருந்தது.

உங்கள் குழுவுக்குக் குறைந்தது மூன்று அட்மின்கள் வேண்டும். மூவரும் ஒரே ஆண்டில் படித்த நண்பர்களாக இருக்கக் கூடாது. பொறுப்பு ஓராண்டுக்கு மட்டும். ஒருவரை நீக்க, முதலில் எச்சரிக்கை தரப்பட்டிருக்க வேண்டும், மூவரில் இருவர் இசைய வேண்டும், எந்த விதியை மீறியதற்காக எத்தனை நாள் நீக்கம் என்பதைக் குழுவிலேயே எழுத வேண்டும். தன்னைப் பற்றிய கேள்வியில் எந்த அட்மினும் முடிவெடுக்கக் கூடாது என்பதையும் தனி விதியாகச் சேருங்கள். உங்கள் தோழிக்கு நேர்ந்ததைத் தடுப்பது இந்த ஒரு வரிதான். பதிவை அழிப்பதும் ஆளை நீக்குவதும் வெவ்வேறு என்பதையும் விதி சொல்ல வேண்டும். மக்களவை விதி 380, தகாத சொற்களை அவைக்குறிப்பிலிருந்து நீக்கும் அதிகாரத்தைத் தலைவருக்குத் தருகிறது. சொல் போகிறது, உறுப்பினர் அவையிலேயே இருக்கிறார். பெரும்பாலான தவறுகளுக்கு அவ்வளவு போதும்.

நிதிக் கணக்கைப் பொறுத்தவரை, உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டிருந்தால், கணக்கு பொதுக்குழுவின் முன் வைக்கப்பட வேண்டியது. வாட்ஸ்அப்பில் ஒருவரை நீக்கிவிட்டதால் அவருடைய சங்க உறுப்புரிமை போய்விடாது. எழுத்து மூலம் செயலாளரிடம் கேளுங்கள்.

எங்கள் வாசகர் வட்டக் குழுவில் ஒருவர் எல்லோருடைய எழுத்துப் பிழைகளையும் திருத்திக்கொண்டே இருக்கிறார். தமிழுக்கு நல்லதுதானே என்று சிலர் சொல்கிறார்கள்.
— வாசகர், புதுச்சேரி

குழுவின் நோக்கம் மொழிப் பயிற்சியாக இருந்தால் நல்லது. நூல்களைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடிய குழுவில் அது பேச்சை அறுக்கிறது. அதைவிட, தமிழ்வழியில் படிக்க வாய்ப்பில்லாமல் பின்னாளில் ஆர்வத்தால் எழுதக் கற்றுக்கொண்டவரை நாணவைத்து வாயடைக்கிறது. 'பிழைகளைத் தனிச் செய்தியில், கேட்டவருக்கு மட்டும் சொல்லலாம்' என்று விதி எழுதுங்கள். நூற்பெயர், ஆசிரியர் பெயர், மேற்கோள் ஆகியவற்றில் நேரும் பிழைகளைக் குழுவிலேயே திருத்தலாம். அவை எல்லோருக்கும் தேவைப்படும் தகவல்கள்.

நாங்கள் மஞ்சள் விவசாயிகள். நோய், விலை, மருந்து பற்றிக் கேட்பதற்காகக் குழு தொடங்கினோம். இப்போது காலை வணக்கப் படங்களும் எங்கிருந்தோ வரும் பார்வர்டுகளும் நிறைந்து, உண்மையான கேள்விகள் புதைந்துபோகின்றன. பார்வர்டை முழுமையாகத் தடை செய்துவிடலாமா?
— வாசகர், ஈரோடு மாவட்டம்

முழுத் தடை வேண்டாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் விலைப்பட்டியலும் வானிலை எச்சரிக்கையும்கூட பார்வர்டாகத்தானே வந்து சேர்கின்றன. எந்த பார்வர்டும் மூன்று விவரங்களோடு வர வேண்டும் என்று எழுதுங்கள்: இது யாரிடமிருந்து முதலில் வந்தது, எந்தத் தேதிக்குரியது, எந்த ஊரைப் பற்றியது. இம்மூன்றையும் எழுத முடியாதவர் அதை அனுப்பக் கூடாது. விரலி மஞ்சள், கிழங்கு மஞ்சள் என்ற வேறுபாடோ தேதியோ இல்லாமல் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று வரும் ஒரு செய்தியை நம்பி, மூட்டையை வண்டியில் ஏற்றுபவர் உங்கள் குழுவிலேயே இருப்பார்.

மூலம் தெரியாத பார்வர்டு உயிரையே எடுத்திருக்கிறது. பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி கைபேசிகளில் பரவியிருந்த 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் குடும்பத்தாரோடு கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த முதிய பெண்மணி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகக் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். நாடெங்கும் இத்தகைய கொலைகள் நடந்த பிறகே, அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு விதித்தது. 'பலமுறை பார்வர்டு செய்யப்பட்டது' என்ற இரட்டை அம்புக்குறியோடு வருவதைத் தாங்கள் சரிபார்க்காமல் அனுப்ப மாட்டோம் என்று உங்கள் உறுப்பினர்கள் உறுதி ஏற்றால் அது மிக நல்ல விதி.

கேள்வி கேட்பதற்கும் ஒரு முறையை எழுதிவையுங்கள். விவசாயக் குழுக்களில் மற்ற எந்த விதியையும்விட அதிகப் பலன் தருவது இதுவே என்று நினைக்கிறேன். 'மஞ்சள் காய்கிறது, என்ன மருந்து?' என்ற கேள்விக்குப் பத்துப் பேர் பத்து மருந்து சொல்வார்கள். நட்டு எத்தனை மாதம், எந்த ரகம், சொட்டுநீரா வாய்க்கால் பாசனமா, கடைசியாக என்ன உரம், என்ன மருந்து, எப்போது என்ற விவரங்களோடு, இலையின் மேற்புறம், அடிப்புறம், தூரைப் பிடுங்கினால் தெரியும் கிழங்கு ஆகியவற்றின் படங்களையும் சேர்த்துக் கேட்டால்தான், அது இலைப்புள்ளியா கிழங்கு அழுகலா என்று அனுபவமுள்ளவர் சொல்ல முடியும். பதில் சொல்பவருக்கும் விதி உண்டு: கடைப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் உட்பொருளையும் அளவையும் எழுத வேண்டும், அதைத் தாமே பயன்படுத்தினாரா, வேளாண் அலுவலர் சொன்னாரா, கேள்விப்பட்டதா என்பதைக் குறிப்பிட வேண்டும். சிவப்பு முக்கோணம் இட்ட மருந்துகள் மிகக் கொடிய நஞ்சு. அவற்றைக் குழுவில் பரிந்துரைக்கவே கூடாது. காலை வணக்கப் படங்களுக்குத் தனியாக ஒரு குழு தொடங்கிக் கொடுங்கள். அன்பைத் தெரிவிக்க விரும்பும் பெரியவர்களைப் புண்படுத்த வேண்டியதில்லை.

நான் ஒரு குழுவின் அட்மின். உறுப்பினர் யாராவது அவதூறாக எழுதினால் என்மீது வழக்கு வரும் என்று சொல்கிறார்கள். பயத்தில் எல்லாப் பதிவுகளையும் அழித்துக்கொண்டே இருக்கிறேன்.
— வாசகர், திருநெல்வேலி

இந்த அச்சத்தால் பல குழுக்கள் மூச்சடைத்துக் கிடக்கின்றன. பிறர் எழுதியதற்கு அட்மின் தானாகவே குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்பதை உயர் நீதிமன்றங்கள் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் இவ்வாறு தீர்ப்பளித்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், கரூர் வழக்கறிஞர் குழு ஒன்றின் அட்மின் தொடர்ந்த வழக்கில் 2021 டிசம்பரில், அவர் அட்மினாக மட்டுமே இருந்து வேறெந்தப் பங்கும் ஆற்றவில்லை என்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று காவல்துறைக்குக் கூறியது. எழுதியவரோடு சேர்ந்து திட்டமிட்டிருந்தால், அல்லது தாமே அதைப் பரப்பினால் நிலைமை வேறு.

எனவே அச்சத்தால் அழிக்காதீர்கள். புகார் வந்தால் பாருங்கள். விதியை மீறியிருந்தால் எந்த விதி என்று எழுதிவிட்டு அழியுங்கள். குற்றம் என்று தோன்றும் பதிவாக இருந்தால், அழிக்கும் முன் அதன் நகலைத் தனியாக எடுத்துவையுங்கள், ஏனெனில் பாதிக்கப்பட்டவருக்கு அது சான்றாகத் தேவைப்படலாம்.

எங்கள் குடியிருப்புக் குழுவில் 'சாதி, மதம், அரசியல் பேசக் கூடாது' என்பது முதல் விதி. வீட்டு வேலைக்கு வருபவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று ஒருவர் எழுதினார். நான் எதிர்த்து எழுதினேன். 'இது அரசியல்' என்று என் பதிவை அழித்துவிட்டார்கள். அவருடைய பதிவு அப்படியே இருக்கிறது.
— வாசகி, கோயம்புத்தூர்

நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. விதிதான் தவறாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பொருளைப் பற்றிப் பேசவே கூடாது என்னும் விதி, நடுநிலையாகத் தோன்றினாலும், நடப்பிலுள்ள ஏற்பாட்டால் நன்மை அடைபவருக்கே துணை நிற்கிறது. அவர் கேட்பது 'நிர்வாகம்' என்ற பெயரில் உள்ளே வந்துவிடுகிறது, அதை மறுப்பவர் சொல் 'அரசியல்' என்ற பெயரில் வெளியே தள்ளப்படுகிறது. லிஃப்டில் யார் ஏறலாம் என்பது அந்தக் குடியிருப்பில் வாழும், உழைக்கும் அனைவருடைய மதிப்பையும் பற்றிய கேள்வி. அதைப் பேசுவதற்குக் குடியிருப்போர் குழுவைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

தடுக்க வேண்டியது பேசும் முறையை. ஒருவரின் சாதி, மதம், ஊர், தொழில், உடல், பேச்சு வழக்கு ஆகியவற்றைச் சுட்டி இழிவாக எழுதக் கூடாது என்பது முதல் வரி. பிறருக்கு உள்நோக்கம் கற்பிக்கக் கூடாது என்பது இரண்டாவது. இவ்விரண்டாவதை நம் மக்களவை விதிகளில் 352ஆம் விதி கூறுகிறது: மற்றொரு உறுப்பினரின் நேர்மையை ஐயுற்றும் உள்நோக்கம் கற்பித்தும் பேசக் கூடாது. 'இந்த ஏற்பாடு அநீதியானது' என்று எழுதலாம், எவ்வளவு வலுவாகவும் எழுதலாம். 'நீங்கள் கமிஷனுக்காகத்தான் இதைச் சொல்கிறீர்கள்' என்று எழுத முடியாது. கருத்தை எதிர்க்கும் உரிமையைக் காத்துக்கொண்டே ஆளைத் தாக்குவதைத் தடுக்க, இந்த எல்லைக்கோடு போதுமானது. மேலும், ஒரு பதிவுக்கான பதிலை அழித்தால், அதைத் தூண்டிய மூலப் பதிவையும் அதே விதியை வைத்து ஆராய்ந்து முடிவை எழுத வேண்டும் என்பதைச் சேருங்கள். உங்களுக்கு நேர்ந்த அநீதி இந்த இடத்தில்தான் நிகழ்ந்தது.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். வீட்டு வேலைக்கு வருபவர்களும் காவலாளிகளும் துப்புரவுத் தொழிலாளர்களும் அந்தக் குழுவில் இல்லை. அவர்களுடைய படத்தைப் போட்டு, 'இவர்மீது சந்தேகம், எச்சரிக்கையாக இருங்கள்' என்று எழுதும் வழக்கம் பல குடியிருப்புகளில் பரவியிருக்கிறது. பதில் சொல்ல அங்கே இடமே இல்லாத ஒருவர், மறுநாள் பத்து வீடுகளில் வேலை இழக்கிறார். மக்களவை விதி 353இன்படி, எவர்மீதும் அவதூறான குற்றச்சாட்டு வைப்பதானால் தலைவருக்கும் தொடர்புடைய அமைச்சருக்கும் முன்னறிவிப்புத் தர வேண்டும். உங்கள் குழுவும், குழுவில் இல்லாத ஒருவரைப் பற்றிய குற்றச்சாட்டு முதலில் சங்க நிர்வாகிகளிடம் எழுத்தில் தரப்பட வேண்டும், அவரை நேரில் கேட்காமல் குழுவில் பெயரோ படமோ வரக் கூடாது என்று விதி செய்ய வேண்டும். நடத்தை விதிகளில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் குழு ஒன்றில் நான் ஒரு சந்தேகம் கேட்டேன். அன்றிரவே முன்பின் தெரியாத மூன்று ஆண்கள் தனிச் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். அட்மினிடம் சொன்னபோது, 'பிளாக் செய்துவிடுங்கள்' என்றார்.
— வாசகி, சென்னை

பிளாக் செய்வது உங்கள் கைபேசியைக் காக்கும்; அடுத்த பெண்ணைக் காக்காது. குழுவில் சேர்ந்ததால்தான் உங்கள் எண் அவர்களுக்குக் கிடைத்தது. ஆகவே அந்த எண்ணை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கடமை குழுவுக்கு உண்டு. 'குழுவில் கிடைத்த எண்ணுக்கு, உரியவரிடம் குழுவிலேயே கேட்டு இசைவு பெறாமல் தனிச் செய்தி அனுப்பவோ அழைக்கவோ கூடாது. மீறினால் எச்சரிக்கை இல்லாமலே நீக்கம்' என்று இதற்கு மட்டும் கடுமையாக எழுதலாம். முன்னெச்சரிக்கை வேண்டும் என்று மேலே கூறியதற்கு இது விலக்கு; தனிச் செய்தியின் நகல் இருக்கும்போது ஐயத்துக்கு இடமில்லை, காத்திருந்தால் பாதிப்பு கூடும்.

புகாரை யாரிடம் சொல்வது என்பதும் விதியில் இருக்க வேண்டும். அட்மின்களில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், புகார் அளித்தவரின் பெயரைக் குழுவில் சொல்லக் கூடாது, 'என்ன நடந்தது, ஸ்க்ரீன்ஷாட்டைப் போடுங்கள்' என்று கேட்பவரை உடனே தடுக்க வேண்டும். விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ஒரு பெண்ணை மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வது, பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே ஒரு முறை தெளிவாக 'வேண்டாம்' என்று எழுதிவிட்டு, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள், செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

கோபத்தில் எழுதிவிட்டுப் பிறகு அழித்துவிடுகிறவர்களுக்கும், பதில் வந்த பிறகு தாம் எழுதியதை மாற்றிவிடுகிறவர்களுக்கும் என்ன விதி?
— வாசகர், சேலம்

1995 அக்டோபரில், இணையம் பொதுமக்களிடம் பரவத் தொடங்கிய காலத்தில், இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த நடத்தைக் குறிப்புகள் வெளியாயின. உணர்ச்சி மேலிட்ட பதிலை அனுப்பும் முன் ஓர் இரவு காத்திருங்கள் என்று அது கூறியது. குழுவில் சேர்ந்தவர், ஓரிரு மாதங்கள் படித்துப் பார்த்த பிறகே எழுதத் தொடங்க வேண்டும் என்றும் கூறியது. அந்த அறிவுரைகளுக்கு இன்றும் வயதாகவில்லை. எனினும் பிறர் மனத்துக்குள் நடக்கும் காத்திருப்பை விதியால் கட்டாயப்படுத்த முடியாது. வெளியே தெரிவதை மட்டும் கட்டலாம்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பிய 15 நிமிடங்களுக்குள் திருத்த முடியும், இரண்டு நாட்களுக்குச் சற்று அதிகமான காலம்வரை எல்லோருக்குமாக அழிக்கவும் முடியும். எழுத்துப் பிழையைத் திருத்துவது யாருக்கும் தடையில்லை. பொருளையே மாற்றுவதானால், யாராவது பதில் எழுதிவிட்ட பிறகு பழைய பதிவைத் தொடாமல் புதிதாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் பதில் சொன்னவர் பொருளற்றுப் பேசியவர்போல் ஆகிவிடுகிறார். பிறரைப் புண்படுத்திய பதிவை அழிப்பவர், 'நான் எழுதியதை எடுத்துவிட்டேன், வருந்துகிறேன்' என்று அதே குழுவில் ஒரு வரி எழுத வேண்டும். அப்படி எழுதிவிட்டவரிடம் அந்தப் பழைய பதிவின் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி மீண்டும் சண்டைக்கு இழுப்பதையும் விதி தடுக்க வேண்டும்.

விதிகளை எழுதி முடித்துவிட்டோம். 180 பேர் உள்ள குழுவில் எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது? பதிவிட்டால் பத்துப் பேர் கட்டைவிரல் உயர்த்துவார்கள், மற்றவர்கள் எதுவும் சொல்ல மாட்டார்கள்.
— வாசகி, நாகர்கோவில்

வரைவை ஒரே நாளில் அறிவித்து அன்றே நடைமுறைப்படுத்தாதீர்கள். இரண்டு வாரம் குழுவில் இருக்கட்டும். எப்போதும் பேசாதவர்களில் சிலரிடம், குறிப்பாக முன்பு ஏதோ ஒரு சண்டைக்குப் பின் எழுதுவதை நிறுத்திக்கொண்டவர்களிடம், தனியாக அழைத்துக் கேளுங்கள். அவர்கள் ஏன் பேசாமல் போனார்கள் என்பதில்தான் உங்கள் வரைவில் விடுபட்ட விதி இருக்கும். அதன்பின் ஒவ்வொரு விதியையும் தனித்தனியாக வாக்குக்கு விடுங்கள். வாட்ஸ்அப்பிலேயே வாக்கெடுப்பு வசதி இருக்கிறது. யார் எப்படி வாக்களித்தார் என்பது அதில் மற்றவர்களுக்குத் தெரியும் என்பதால், அட்மின்களைப் பற்றிய விதிகளுக்கு மட்டும் பொதுவான ஒருவரிடம் இரகசியமாகத் தெரிவிக்கச் சொல்லலாம்.

நிறைவேறிய விதிகளைக் குழுவின் விவரக் குறிப்பில் சேருங்கள். புதிதாகச் சேர்பவருக்கு முதல் செய்தியாக அனுப்புங்கள். விதிகளுக்கு முன்பு நடந்தவற்றுக்காக யாரையும் நீக்க முடியாது என்று கடைசியில் எழுதிவிடுங்கள். பழைய கணக்கைத் தீர்ப்பதற்காக விதி வருகிறது என்ற ஐயம் இருக்கும்வரை யாரும் அதை மதிக்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து எந்தத் தேதியில் மறுபரிசீலனை என்பதையும் இப்போதே குறித்து, அதுவரை நீக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், எந்த விதிக்காக, திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை அன்று அட்மின்கள் குழுவின் முன் வைக்க வேண்டும் என்று எழுதுங்கள்.